கூகுளில் நாலு வரி எழுதியதற்கு 50 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ்: அவதூறு வழக்கு எதுவரை போகும்?

திருச்சிக்காரன்

தங்கை கல்யாணத்துக்குச் சமையல் ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்துக்குக் கூகுளில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து நாலு வரி எழுதினேன். நேற்று ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் வந்திருக்கிறது. "எமது கட்சிக்காரரின் நற்பெயருக்கு ஈடுசெய்ய முடியாத களங்கம்" என்று தொடங்குகிறது. ஏழு நாளுக்குள் பதிவை நீக்கி நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். தவறினால் 50 லட்சம் ரூபாய்க்கு மானநஷ்ட வழக்கு, கூடவே பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 356இன் கீழ் கிரிமினல் வழக்கு. வீட்டில் அப்பா, போலீஸ் வந்துவிடுமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் எழுதியது இவ்வளவுதான்:

"600 இலைக்குப் பணம் வாங்கிக்கொண்டு 430 இலையோடு கையை விரித்துவிட்டார்கள். சாம்பாரை வாயில் வைக்க முடியவில்லை. பாலில் கலப்படம் செய்யும் பிராடு கும்பல் இது. தப்பித்தவறியும் இவர்களிடம் போகாதீர்கள்."

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, யாரும் கேட்க வேண்டாம். உண்மையைச் சொன்னால் அவதூறு ஆகாது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

சும்மா இருப்பவன்

நீக்கிவிட்டு வேலையைப் பாருங்கள். போன சாப்பாடு திரும்பி வராது. கோர்ட்டுக்கு அலைந்தால் இருப்பதும் போய்விடும்.

கறுப்பு அங்கி

முதலில் அப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். போலீஸ் வராது. அவதூறு என்பது காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போட்டு ஆளைப் பிடித்துக்கொண்டு போகிற வகைக் குற்றம் அல்ல. பாதிக்கப்பட்டவர் தாமே குற்றவியல் நடுவரிடம் தனிநபர் புகார் கொடுக்க வேண்டும். அப்படியே வழக்கானாலும் இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். இரு தரப்பும் சமாதானமாகப் போகவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

வக்கீல் நோட்டீஸ் வழக்கு ஆகிவிடாது. அது ஒரு கடிதம். ஏழு நாள் கெடு அவர்கள் வைத்த கெடு, சட்டம் வைத்ததல்ல. அதற்காகக் கிழித்துப் போடவும் வேண்டாம். பதில் அனுப்பாமல் விட்டால் பின்னால் நீதிமன்றத்தில் அதைச் சுட்டிக்காட்டுவார்கள்.

இதில் இரண்டு தனித்தனிப் பாதைகள் உண்டு. ஒன்று உரிமையியல் வழக்கு: நஷ்ட ஈடு, பதிவை நீக்கும் உத்தரவு. அவதூறு வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் தொடுத்தாக வேண்டும். இன்னொன்று கிரிமினல். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500ஆக இருந்தவை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவாகிவிட்டன. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிதாகச் சமூக சேவையையும் தண்டனையாகச் சேர்த்திருக்கிறார்கள்.

அந்த 50 லட்சத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். நோட்டீஸில் எத்தனை சைபர் போட்டாலும் செலவில்லை. வழக்காகத் தாக்கல் செய்யும்போது தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். 50 லட்சத்துக்கு ஒன்றரை லட்சம். சமையல்காரர் அதை எண்ணி வைப்பாரா என்று யோசித்துப் பாருங்கள். கோடி கோடியாகக் கேட்கும் நோட்டீஸ்களில் பெரும்பாலானவை தபால்காரரோடு நின்றுவிடுகின்றன.

திருச்சிக்காரன்

நன்றி சார். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ஆனால் என் கேள்விக்குப் பதில் வரவில்லை. உண்மை போதுமா, போதாதா?

கறுப்பு அங்கி

உரிமையியல் வழக்கில் போதும். சொன்னது உண்மை என்று நிரூபித்தால் வழக்கு விழுந்துவிடும். கிரிமினலில் மட்டும் போதாது. 356இல் சொல்லப்பட்ட பத்து விதிவிலக்குகளில் முதலாவதைப் படியுங்கள்: சொன்னது உண்மையாக இருக்க வேண்டும், அதை வெளியிடுவது பொதுநலனுக்காகவும் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பத்தாண்டுக்கு முன் நடந்த விவாகரத்தைக் காரணமே இல்லாமல் தெருவுக்கெல்லாம் சொன்னால், உண்மை என்பது மட்டும் கிரிமினல் வழக்கிலிருந்து காப்பாற்றாது. கல்யாணச் சாப்பாட்டில் ஏமாற்றம் என்று மற்றவர்களை எச்சரிப்பதில் பொதுநலன் இருக்கிறது என்று வாதாடலாம். உங்கள் சிக்கல் அங்கே இல்லை.

உங்கள் நாலு வரியும் ஒரே சாதி இல்லை. "430 இலையோடு கையை விரித்துவிட்டார்கள்" என்பது நடந்த சங்கதி; ஆதாரம் இருந்தால் நிற்கும். "சாம்பாரை வாயில் வைக்க முடியவில்லை" என்பது உங்கள் நாக்கின் அபிப்பிராயம். அதை யாரும் பொய் என்று நிரூபிக்க முடியாது. "போகாதீர்கள்" என்பது யோசனை. மூன்றாவது வரிதான் உங்களைச் சந்திக்கு இழுக்கும். பாலில் கலப்படம் செய்வது குற்றம். ஒருவர் அந்தக் குற்றத்தைச் செய்கிறார் என்று ஊரறிய எழுதியிருக்கிறீர்கள். கையில் என்ன இருக்கிறது?

திருச்சிக்காரன்

இலைக்கு ஆதாரம் இருக்கிறது. ஒவ்வொரு பந்தி முடிந்ததும் சித்தப்பா இலையை எண்ணி, கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதி, பரிமாறிய மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டே வந்தார். காலைப் பந்தி 110, 96. மதியம் 120, 104. அதற்கு மேல் இல்லை. மண்டப மேலாளரும் பார்த்திருக்கிறார். முன்பணம் கொடுத்த ரசீதில் 600 இலை என்று இருக்கிறது.

பாலைப் பொறுத்தவரை, காபி கழுவின தண்ணீராக இருந்தது. குடித்த ஐம்பது பேரைச் சாட்சிக்குக் கூட்டி வருகிறேன்.

கறுப்பு அங்கி

சித்தப்பாவுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுங்கள். அந்தப் பத்திரிகையின் பின்பக்கம் நூறு பக்க வாதத்துக்குச் சமம்.

ஐம்பது பேரும் வந்து "காபி தண்ணீராக இருந்தது" என்பார்கள். அதை எழுதியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. "கலப்படம்" என்று எழுத உணவு ஆய்வக அறிக்கை வேண்டும். தண்ணீர்க் காபிக்குக் கலப்படம் தவிர ஆயிரம் காரணம் உண்டு. தூள் குறைவு, கூட்டம் அதிகம். "பிராடு கும்பல்" என்பதையும் அந்த வரியில் சேர்த்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

திருச்சிக்காரன்

அவர்கள் 170 இலைப் பணத்தை விழுங்கியது பிராடு இல்லையா? வேறு எந்தச் சொல்லால் சொல்வது?

ஓய்வுபெற்ற சிரஸ்தார்

தம்பி, 31 ஆண்டு கோர்ட்டில் கட்டுக் கட்டாகப் பார்த்தவன் சொல்கிறேன். ஆளைப் பற்றி எழுதாமல் நடந்ததை எழுதியவன் வாய்தா இரண்டில் வீட்டுக்குப் போவான். வசவைச் சேர்த்தவன் வசவுக்காக மட்டும் வருஷக்கணக்கில் வருவான்.

இந்தச் சட்டத்தை 1860இல் எழுதியவர்கள் உதாரணங்களில் கெட்டிக்காரர்கள். பெரும்பாலானவை இன்னும் அப்படியே இருக்கின்றன. ஒரு கடைக்காரர் தம் வியாபாரத்தைக் கவனிக்கிறவரிடம், "அவர் ரொக்கம் கொடுத்தாலொழியச் சரக்கு கொடுக்காதே, அவர் நாணயத்தில் எனக்கு நம்பிக்கையில்லை" என்கிறார். தம் நலனைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு சொன்னதால் குற்றமில்லை. இது ஒன்பதாம் விதிவிலக்கு. தம்பியின் எழுத்துக்கு இதுவும், எச்சரிக்கைக்கான பத்தாம் விதிவிலக்கும்தான் குடை. ஆனால் சட்டத்தில் நல்லெண்ணம் என்றால் மனசு நல்ல மனசு என்று பொருளில்லை. உரிய கவனத்தோடு விசாரித்துச் செய்திருக்க வேண்டும். பாலை யாரிடம் விசாரித்தீர்கள்?

இன்னொன்று, இந்தக் காலப் பிள்ளைகள் மீம் போட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். "அவர் ரொம்ப யோக்கியர், அந்தக் கைக்கடிகாரத்தை அவர் திருடவே இல்லை" என்று குத்தலாகச் சொல்வதும், ஒருவர் கைக்கடிகாரத்தோடு ஓடுவதாகப் படம் வரைவதும் அவதூறு என்று அப்போதே எழுதி வைத்துவிட்டார்கள்.

பிழைதிருத்தி

சிரஸ்தார் ஐயா சொல்வதோடு ஒத்துப்போகிறேன். நாளிதழில் இரவுப் பணி. எங்கள் மேசையில் தினமும் நடப்பது இதுதான்: "மோசடி செய்தார்" என்று வரும் நகலை "மோசடி செய்ததாகக் காவல்துறையில் புகார் கொடுக்கப்பட்டுள்ளது" என்று மாற்றுவோம். அதுவும் முழுக் கவசம் அல்ல. ஆனால் புகார் கொடுக்கப்பட்டது என்பதை நிரூபிக்கத் தாள் இருக்கும். நீதிமன்ற நடவடிக்கையை உள்ளபடி எழுதினால் நாலாம் விதிவிலக்கு இருக்கிறது.

உண்மையும் பொதுநலனும் சேர்ந்து ஜெயித்ததற்குப் பக்கத்து உதாரணம் பிரியா ரமணி வழக்கு. தம்மிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாக எழுதிய அந்தப் பத்திரிகையாளர் மீது முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் 2018 அக்டோபரில் தொடுத்தார். 2021 பிப்ரவரி 17 அன்று தில்லி நீதிமன்றம் பிரியா ரமணியை விடுவித்தது. பல பத்தாண்டுகள் கழித்தும் ஒரு பெண் தனக்கு நேர்ந்ததைச் சொல்லலாம், ஒருவருடைய நற்பெயர் இன்னொருவரின் கண்ணியத்தைப் பலி கொடுத்துக் காக்கப்பட வேண்டியதில்லை என்பது தீர்ப்பின் சாரம். ஜெயித்தார்தான். ஆனால் இரண்டு ஆண்டுக்கும் மேல் குற்றவாளிக் கூண்டுப் பக்கம் போய் வந்தார்.

தோழர் பாண்டி

அந்த இரண்டு ஆண்டுதான் தண்டனையே! யாருக்காக இந்தச் சட்டம்? இரண்டு வருடம் வக்கீலுக்குப் பணம் கட்ட முடிந்தவனுக்காக. வாயை மூட வைக்க நோட்டீஸ் போதும், தீர்ப்பு தேவையில்லை. தமிழ்நாட்டில் 2011 முதல் 2016 வரை ஜெயலலிதா அரசு போட்ட அவதூறு வழக்குகள் இருநூறைத் தாண்டின. விஜயகாந்த் தொடங்கிப் பத்திரிகை ஆசிரியர்கள் வரை எவரும் மிச்சமில்லை. திருச்சிக்காரரை மூன்றாவது வரியைத் திருத்தச் சொல்லி எல்லோரும் பாடம் எடுக்கிறீர்கள். சட்டத்தை ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை.

பிழைதிருத்தி

கேட்ட ஆட்கள் இருக்கிறார்கள், பாண்டி. கிரிமினல் அவதூறையே ரத்து செய்யக் கோரி சுப்பிரமணியன் சுவாமி, ராகுல் காந்தி, கெஜ்ரிவால் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள். அரசியலில் அரிதான காட்சி அது. 2016 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. நற்பெயர் என்பது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு உவப்பில்லை. நற்பெயரைக் காக்க நஷ்ட ஈடு போதாதா, சிறை எதற்கு என்ற கேள்விக்கு அதில் தெம்பான பதில் இல்லை. அதே ராகுல் காந்திக்கு 2023 மார்ச்சில் சூரத் நீதிமன்றம் அதிகபட்சமான இரண்டு ஆண்டு விதித்தது; எம்.பி. பதவி போனது. ஏன் அதிகபட்சம் என்று விசாரணை நீதிபதி காரணமே சொல்லவில்லை என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்த பிறகுதான் மீண்டது.

ஆனால் அரசு தொடுத்த வழக்குகள் விஷயத்தில் நம் ஊர் நீதிமன்றங்களைக் குறைத்துப் பேசக் கூடாது. கொலை வழக்குக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடக் கூடாது என்று 1994இல் சிறைத்துறை ஐ.ஜி. 'நக்கீரன்' பத்திரிகைக்குக் கடிதம் போட்டார். உச்ச நீதிமன்றம் சொன்னது: வெளியாகும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை, அரசு தனக்கு அவதூறு என்று நஷ்ட ஈடு வழக்கும் போட முடியாது. அதிகாரி தம் கடமையைச் செய்த விதத்தைப் பற்றி எழுதினால், எழுதியவர் உண்மையைப் பற்றிய அக்கறையே இல்லாமல் எழுதினார் என்று அந்த அதிகாரிதான் நிரூபிக்க வேண்டும். 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், பத்திரிகை ஆசிரியர்கள் மீது அரசு தொடுத்திருந்த ஒரு கட்டு வழக்குகளை ரத்து செய்தது. அரசு குடிமக்களுக்குப் பெற்றோர் போல, ஒவ்வொரு வசவுக்கும் கோர்ட்டுக்கு ஓடி வரக் கூடாது, அரசு வழக்குரைஞர் தபால் நிலையம் போல் நடந்துகொள்ளக் கூடாது என்று அதில் இருக்கிறது.

வல்வெட்டித்துறையான்

இலங்கையில் இருந்து ஒரு குறிப்பு. எங்கள் நாட்டில் குற்றவியல் அவதூறு 2002ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. பிரித்தானியா அதைச் சட்டப் புத்தகத்தில் இருந்து எடுத்தது அதற்குப் பிறகுதான். ஆனால் சட்டப் பிரிவு போனதால் எழுதுகிறவர்களுக்கு அச்சம் போய்விட்டது என்று எண்ண வேண்டாம், அது எங்களுக்கு நன்றாகத் தெரியும். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் (ஆன்லைன் பாதுகாப்புச் சட்டம்) வந்தது. "பொய்யான கூற்று" என்று எதைச் சொல்வது என்பதில் எங்கள் சட்டத்தரணிகளுக்கே ஒருமித்த கருத்து இல்லை.

தோழர் பாண்டி

நன்றி தோழர். ஒரு வாசலை அடைத்தால் இன்னொன்றைத் திறப்பார்கள்.

எட்டாம் மாடி

விவாதத்தின் நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவுக்கு நான் அட்மின். சங்கப் பொருளாளர் பராமரிப்புப் பணத்தில் கை வைத்துவிட்டார் என்று ஒருவர் எழுதினார். பதினைந்து பேர் அதை வேறு குழுக்களுக்கு அனுப்பினார்கள். பொருளாளர் என் மேல் வழக்குப் போடுவேன் என்கிறார். நான் ஒரு வரிகூட எழுதவில்லை!

கறுப்பு அங்கி

எழுதாத அட்மின் மேல் வழக்கு நிற்காது. மதுரைக் கிளை 2021இலும் கேரள உயர் நீதிமன்றம் 2022இலும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டன: உறுப்பினர் போடுவதற்கு அட்மின் மட்டும் என்பதற்காகப் பொறுப்பாக மாட்டார். நீங்களும் சேர்ந்து திட்டமிட்டீர்கள் என்று காட்டினால் கதை வேறு.

அனுப்பிய பதினைந்து பேருக்குத்தான் கவலை வேண்டும். "நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்" என்பது பதிலாகாது. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய பதிவைப் பகிர்ந்த நடிகர் எஸ்.வி. சேகரும் அதைத்தான் சொன்னார். அது அவதூறுப் பிரிவில் வந்த வழக்கு இல்லை, வேறு பிரிவுகள். ஆனாலும் 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது எல்லோருக்கும் பொருந்தும்: அனுப்பிவிட்ட செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு. அவருக்கு ஒரு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

சங்க உறுப்பினர் ஒருவர் பொதுக்குழுவிலோ பதிவாளரிடமோ கணக்கைக் கேட்டுப் புகார் கொடுத்தால், உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுத்த புகாருக்கு எட்டாம் விதிவிலக்கு இருக்கிறது. அதே வரியைப் பதினைந்து குழுக்களில் விதைத்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

பல்லாங்குழி

ஒருவரிடம் மட்டும் தனியாகச் சொன்னால்?

ஓய்வுபெற்ற சிரஸ்தார்

யாரிடம் என்பதைப் பொறுத்தது, அம்மா. சம்பந்தப்பட்டவரிடமே நேரில் திட்டினால் அவதூறு இல்லை. அவர் காதில் விழுந்ததால் அவர் பெயர் பிறரிடம் கெடவில்லை. மூன்றாவது ஆள் ஒருவர் காதில் விழுந்தாலே போதும், கூட்டம் தேவையில்லை. பாட்னாவில் 1958இல் ஒரு வேடிக்கையான வழக்கு. ஒருவர் இன்னொருவருக்கு உருதுவில் வசைக் கடிதம் எழுதினார். வாங்கியவருக்கு உருது தெரியாது. வேறொருவரைப் படிக்கச் சொன்னார். மூன்றாவது ஆள் படித்துவிட்டாரே என்று வழக்கு. வாங்கியவருக்கு உருது தெரியாது என்பது எழுதியவருக்குத் தெரிந்திருந்ததாக நிரூபிக்கவில்லை என்று தள்ளிவிட்டார்கள்.

யாரைச் சொன்னது என்பதும் புரிய வேண்டும். 1971 சேலம் திராவிடர் கழக மாநாட்டுத் தீர்மானத்தைத் திரித்து வெளியிட்டார்கள் என்று 'தி இந்து' மீது மாநாட்டு வரவேற்புக் குழுத் தலைவர் வழக்குப் போட்டார். மாநாடு என்பது வரையறுத்துக் காட்டக்கூடிய அமைப்பு இல்லை, இவர் பாதிக்கப்பட்டவரும் இல்லை என்று 1972இல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிப் பேசியதற்காக நடிகை குஷ்பு மீது ஊர் ஊராகத் தொடுத்த 23 புகார்களும் 2010இல் ரத்தானதற்கு இதுவும் ஒரு காரணம்.

திருச்சிக்காரன்

எல்லாவற்றையும் வாசித்தேன். "கும்பல்" என்ற சொல் இல்லாமல் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது இப்போதும் என் எண்ணம். இருந்தாலும் அப்பாவின் நிலையைப் பார்த்து, மூன்றாவது வரியை மட்டும் மாற்றலாம் என்றிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. மாற்றினால் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா?

கறுப்பு அங்கி

ஆகாமல் பார்த்துக்கொள்ளலாம். முதலில் இப்போதிருக்கும் பதிவைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பிறகு வரியை "காபி தண்ணீராக இருந்தது, விருந்தினர் பலர் குறை சொன்னார்கள்" என்று மாற்றுங்கள். பதில் நோட்டீஸில், இலைக் கணக்கையும் ரசீதையும் குறிப்பிட்டு, எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி ஒரு வரியை மட்டும் திருத்தியிருக்கிறோம் என்று எழுதச் சொல்லுங்கள். உள்ளூர் வக்கீல் ஒருவர் கையெழுத்தில் போகட்டும், என் பெயரை இங்கே தேடாதீர்கள். ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு வசதியோடு அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.

அவர்கள் கிரிமினல் பக்கம் போனாலும் முன்போல் இல்லை. முன்பு புகார்தாரரின் வாக்குமூலத்தைக் கேட்டே சம்மன் அனுப்பிவிடுவார்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223ஆம் பிரிவுப்படி உங்கள் தரப்பைக் கேட்காமல் நடுவர் புகாரைக் கோப்பில் எடுக்க முடியாது. சித்தப்பாவின் பத்திரிகையை அங்கேயே நீட்டலாம்.

அப்புறம், 170 இலைக்கான பணம்? மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நீங்கள்தான் புகார்தாரர் ஆக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.

சும்மா இருப்பவன்

நான் முதலிலேயே சொன்னேன், நீக்கிவிட்டு வேலையைப் பாருங்கள் என்று. இப்போது இரண்டு வழக்கு ஆகிவிட்டது.

திருச்சிக்காரன்

ஒன்றுதான் ஆகப் போகிறது. அது நான் போடுவது.

பல்லாங்குழி

கடைசியாக ஒரு சந்தேகம். ஐந்து ஆண்டுக்கு முன் ஒரு பயிற்சி மையத்தைப் பற்றி முகநூலில் எழுதியதற்கு இப்போது மிரட்டுகிறார்கள். பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது. போன மாதம்கூட இன்னும் நாலு வரி சேர்த்துப் பெற்றோர் குழுவில் பகிர்ந்தேன்.

கறுப்பு அங்கி

இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு நாளும் புது அவதூறு என்று அவர்கள் வாதாடுவார்கள். தில்லி உயர் நீதிமன்றம் 2013இல் அதை ஏற்கவில்லை. முதலில் வெளியான நாளிலிருந்தே காலம் ஓடும் என்றது. நம் உயர் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக் காட்டலாம். அந்தக் கணக்கில் உரிமையியலுக்கு ஓராண்டு, கிரிமினலுக்கு மூன்றாண்டு, இரண்டுமே பழைய பதிவுக்கு முடிந்துவிட்டன. போன மாதம் வேறு ஆட்களுக்குப் புதிதாகச் சேர்த்துப் பகிர்ந்தீர்களே, அந்த நாலு வரிக்குக் காலம் போன மாதத்திலிருந்துதான் ஓடுகிறது. அதில் என்ன எழுதினீர்கள் என்று இங்கே போடுங்கள், பெயரை எடுத்துவிட்டு.